வித்தியாசாகரரும் கைம்பெண் மறுமணச் சட்டமும்

சீர்திருத்தம் என்னும் சொல் எல்லோர் வாயிலும் எளிதாக வழங்கி வருகின்றது. மேடையேறுவோர் அதனைச் சொல்லாமல் இறங்குவதில்லை. ஆயினும் அச்சொல்லைச் செயலாக்க முற்பட்டோர் எத்தகைய இடர்களை ஏற்றனர், அவர்களை எதிர்த்து நின்றோர் யாவர், எக்காரணம் கூறி எதிர்த்தனர் என்பவற்றை நாம் ஊன்றி நோக்குவது அரிது. வெற்றி பெற்ற சட்டத்தை மட்டும் நினைவில் வைத்து, அதற்குக் கொடுத்த விலையை மறந்து விடுகின்றோம்.

1855, 1856-ம் ஆண்டுகளில் கல்கத்தாவில் இருந்த ஆங்கில அரசின் சட்டசபைக்கு, ஒரே பொருளைப் பற்றி இரு வகை விண்ணப்பங்கள் சென்றன. கணவனை இழந்த இந்துப் பெண் மறுமணம் செய்துகொண்டால் அது சட்டப்படி செல்லத்தக்க திருமணம் என ஆக்க வேண்டும் என்று ஒரு விண்ணப்பம் வேண்டியது. அதில் இருந்த கையொப்பங்கள் 987. அவ்வாறு ஒரு சட்டம் செய்தலே கூடாது என்று மற்றொரு விண்ணப்பம் முறையிட்டது. அதில் இருந்தவை 36,000-க்கு மேற்பட்டவை. ஆயினும் இறுதியில் வென்றது சிறு தொகையே. அச்சிறு தொகையின் பின்னே நின்றவர் பண்டிதர் ஈசுவர சந்திர வித்தியாசாகரர். அவர் வரலாற்றை நேயர்களுக்குச் சுருக்கமாகக் கூறவும், அவர் செய்ததையும் செய்யாது விட்டதையும் ஒருங்கே சீர்தூக்கவும் விரும்புகின்றோம்.

பிறப்பும் கல்வியும்

வங்காளத்தில், இப்போது மேற்கு மேதினிபூர் மாவட்டத்தில் அடங்கிய பீர்சிங்கா என்னும் சிற்றூரில், 1820-ம் ஆண்டு செப்டம்பர் 26-ம் நாள் ஈசுவர சந்திரர் பிறந்தார். தந்தை தாகூர்தாஸ் வந்தியோபாத்தியாயர். தாய் பகவதி தேவி. குலத்தால் பிராமணர், பொருளால் ஏழையர். தந்தையார் கல்கத்தாவில் மிகச் சொற்பமான ஊதியத்துக்கு வேலை பார்த்துக் குடும்பத்தைக் காத்து வந்தார். எட்டு வயதுச் சிறுவனாகிய ஈசுவர சந்திரர் தந்தையுடன் ஊரிலிருந்து கல்கத்தாவுக்கு நடந்தே சென்றார். வழியிலிருந்த மைல் கற்களைப் பார்த்துப் பார்த்து, நகரத்தை அடைவதற்கு முன்னரே ஆங்கில எண்களைக் கற்றுக்கொண்டார் என்பது வங்காளத்துக் குழந்தைகள் யாவரும் அறிந்த கதை.

1829-ம் ஆண்டில் அரசினர் சமஸ்கிருதக் கல்லூரியில் சேர்ந்து, இலக்கணம், இலக்கியம், அணிநூல், வேதாந்தம், தருக்கம், தரும சாத்திரம் ஆகியவற்றைப் பன்னிரண்டு ஆண்டுகள் கற்றார். வீட்டில் சமையலும் அவர் கைவேலையே. 1839-ல் இந்துச் சட்டத் தேர்வில் தேறியபோது வித்தியாசாகரர், அதாவது கல்விக் கடல், என்னும் பட்டம் அவருக்குக் கிட்டியது. 1841-ல் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் தலைமைப் பண்டிதர் ஆனார். மாதச் சம்பளம் 50 ரூபாய். 1851-ல், தாம் பயின்ற அதே சமஸ்கிருதக் கல்லூரிக்குத் தலைவரானார். அக்காலம் வரை பிராமணரும் வைத்தியரும் மட்டுமே பயின்று வந்த அக்கல்லூரியில் காயஸ்தர் முதலான பிற வகுப்பினரும் சேர வழி செய்தார்.

சாத்திரங்களைக் கரை கண்ட ஒருவரே பிற்காலத்தில் சாத்திரப் பண்டிதர்களோடு போரிட நேர்ந்தது என்பதை நேயர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். வெளியிலிருந்து கல்லெறிந்தவர் அல்லர் அவர். கோட்டைக்குள்ளேயே பிறந்து, அதன் வழிகளையெல்லாம் அறிந்து, உள்ளிருந்தே கதவைத் திறக்க முயன்றவர்.

குருவின் இல்லத்தில் கண்ட காட்சி

அந்நாளில் வங்காளத்து உயர்குலப் பெண்களின் நிலை எத்தகையது? ஐந்து வயதிலும் ஆறு வயதிலும் மணம் முடிப்பர். மணமகனுக்கு வயது அறுபதாயினும் குலம் பெரிதென்றால் தடையில்லை. அவன் இறந்தால், கணவன் முகத்தையே நன்கு அறியாத அச்சிறுமி வாழ்நாள் முழுவதும் கைம்பெண். வெள்ளாடை, ஒரு வேளை உணவு, ஏகாதசியில் தண்ணீரும் பருகாத நோன்பு, மங்கல நாட்களில் மறைந்திருத்தல் ஆகியவை அவள் பங்கு. 1829-ம் ஆண்டு டிசம்பரில் பெண்டிங்கு பிரபுவின் ஒழுங்குமுறை உடன்கட்டை ஏற்றலைத் தடுத்தது. அதனால் நெருப்பினின்று தப்பிய பெண்களுக்குப் பின்னர் வாழ வழி இருந்ததா? நெருப்பு அணைந்தது, வெப்பம் அணையவில்லை.

வித்தியாசாகரரின் ஆசிரியர்களுள் ஒருவர் சம்புசந்திர வாசஸ்பதி. முதிர்ந்த வயதில், மனைவியை இழந்த பின்னர், அவர் ஒரு சிறுமியை மணந்தார். அதனைத் தடுக்க மாணவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், பயன் இல்லை. மணம் முடிந்தபின் ஒரு நாள் குரு தம் புது மனைவியைக் காணுமாறு மாணவரை வற்புறுத்தி அழைத்துச் சென்றார். அச்சிறுமியைக் கண்டதும் வித்தியாசாகரர் கண்ணீர் விட்டு அழுதார். அவ்வில்லத்தில் ஒரு வாய் நீரும் அருந்தாமல் வெளியேறினார். சில நாட்களில் குரு மறைந்தார். சிறுமி கைம்பெண் ஆனாள். இந்நிகழ்ச்சி அவர் நெஞ்சை விட்டு என்றும் நீங்கவில்லை என்று அவர் வரலாறு எழுதியோர் கூறுவர்.

அவருக்கும் பதினான்காவது வயதில், ஒரு சிறுமியுடன், பெற்றோரே மணம் முடித்து வைத்திருந்தனர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தாம் எதிர்த்த தீமையை அவர் நூல்களில் மட்டும் கண்டவர் அல்லர். 1850-ல் அவர் சீர்திருத்தத்தைப் பற்றி எழுதிய முதற் கட்டுரையே குழந்தை மணத்தின் கேடுகளைப் பற்றியது.

சாத்திரத்தால் சாத்திரத்தை வெல்லுதல்

கைம்பெண் மறுமணத்தை வங்காளத்தில் முதன் முதல் நினைத்தவர் வித்தியாசாகரர் அல்லர். 18-ம் நூற்றாண்டிலேயே டாக்காவைச் சார்ந்த இராஜவல்லபர் என்னும் செல்வர், கைம்பெண்ணான தம் மகளுக்கு மறுமணம் செய்விக்க முயன்று, பிற பண்டிதர்களின் எதிர்ப்பால் தோல்வியுற்றார். ஆங்கிலக் கல்வி பெற்ற இளைஞர்களும் இதனைப் பேசி வந்தனர். ஆயின் பேச்சு பேச்சாகவே நின்றது. காரணம் யாதெனில், மக்கள் நீதியைக் கேட்டனர் அல்லர். சாத்திரம் இடம் தருமா என்று மட்டுமே கேட்டனர்.

ஆகவே வித்தியாசாகரர் அவர்கள் கேட்ட இடத்திலேயே விடை தேடினார். இரவு பகலாகக் கல்லூரி நூலகத்தில் அமர்ந்து சுவடிகளைப் புரட்டினார். பராசர ஸ்மிருதியில் அவருக்கு வேண்டியது கிடைத்தது. கணவன் காணாமற் போதல், இறத்தல், துறவு பூணுதல், ஆண்மையற்றவனாதல், நெறி தவறி வீழ்தல் ஆகிய ஐந்து துன்பங்களில் பெண்ணுக்கு வேறு கணவனை அந்நூல் அனுமதிக்கின்றது. கலியுகத்துக்கு உரியது பராசரம் என்பதை வைதிகரே ஒப்புக்கொண்டிருந்தனர். அந்நூல் கைம்பெண்ணுக்குக் காட்டும் வழிகள் மூன்று: மறுமணம், துறவுநெறி, உடன்கட்டை. உடன்கட்டையைச் சட்டம் தடுத்து விட்டது. துறவுநெறி இக்காலத்தில் யாவராலும் இயலாதது. எஞ்சியது மறுமணம் ஒன்றே. இதுவே அவர் வாதத்தின் சாரம்.

1855-ம் ஆண்டு ஜனவரியில் இவ்வாதம் சிறு நூலாக வெளிவந்தது. முதற் பதிப்பு இரண்டாயிரம் படிகள் ஒரு வாரத்துக்குள் விற்றுப் போயின. மறுப்பு நூல்கள் மழைபோல் பொழிந்தன. பராசரர் சொன்னது மணம் பேசி முடித்து, இன்னும் மணம் நிகழாத பெண்ணைப் பற்றியதே என்றனர் சிலர். கலியுகத்தில் விலக்கத்தக்கவை என்று புராணங்கள் கூறும் பட்டியலில் மறுமணமும் உண்டு என்றனர் வேறு சிலர். எல்லாம் ஒருபுறம் இருக்க, நாட்டு வழக்கம் இதனை ஏற்காது என்றனர் பெரும்பாலோர். அவ்வாண்டு அக்டோபரில் வெளியிட்ட இரண்டாம் நூலில், ஒவ்வொரு மறுப்பையும் எடுத்து விரிவாக விடை கூறினார். ஸ்மிருதியும் புராணமும் மாறுபடின் ஸ்மிருதியே வலியது என்பது அவர்களே ஏற்ற விதி என்று காட்டினார். நூலின் முடிவில் வாதத்தை விட்டு, இந்நாட்டுப் பெண்களின் நிலைக்கு இரங்கி, வழக்கத்துக்கு அடிமைப்பட்டுப் போன மக்களின் நெஞ்சத்தை நோக்கிப் புலம்பினார். வாதத்தால் அசையாதவரும் அப்பகுதியால் அசைந்தனர்.

எதிர்த்து நின்றோர்

1855-ம் ஆண்டு அக்டோபரிலேயே அவருடைய விண்ணப்பம் சட்டசபைக்குச் சென்றது. நவம்பர் 17-ம் நாள் ஜே. பி. கிராண்டு என்னும் உறுப்பினர் மசோதாவைக் கொணர்ந்தார். அச்சபையில் அந்நாளில் இந்தியர் ஒருவரேனும் உறுப்பினர் அல்லர். இந்து சமூகத்தின் உள் வழக்கு ஒன்று, இந்துக்கள் ஒருவரும் இல்லாத அவையில் தீர்ப்புக்கு நின்றது.

எதிர்ப்பின் தலைவர் இராதாகாந்த தேவர். இவரைக் கல்லாதவர் என்றோ கொடியவர் என்றோ நாம் எண்ணிவிடலாகாது. பெரிய சமஸ்கிருத அகராதியாகிய சப்தகல்பத்துருமத்தைத் தொகுத்தவர். பள்ளிப் பாடநூல்கள் பரவ உழைத்தவர். பெண்கள் எழுத்தறிவு பெறுவதையும் ஆதரித்தவர். ஆயினும் உடன்கட்டைத் தடையை எதிர்த்து 1830-ல் தோன்றிய தர்ம சபையின் தூண் அவரே. அச்சபை இலண்டன் வரை மேல்முறையீடு செய்து 1832-ல் தோல்வி கண்டது. கற்றவர், நல்லவர், கொடையாளர் ஆகிய ஒருவரும் ஒரு கொடுமையைக் காக்க முன்னிற்கக் கூடும் என்பதற்கு அவர் சான்று. தீமைகள் நிலைத்து நிற்பது தீயவர்களால் மட்டும் அன்று. தம் குலத்தின் பெருமையைக் காப்பதே அறம் எனக் கருதும் நல்லவர்களாலும் ஆகும்.

எதிர்த்தோர் கூறிய காரணங்களுள் முதன்மையானது, அந்நிய அரசு நம் சமயத்தில் தலையிடலாகாது என்பது. கேட்பதற்கு நாட்டுப்பற்றுப் போல் ஒலிக்கும் இச்சொல்லை நாம் நன்கு ஆராய வேண்டும். அந்நிய அரசின் நீதிமன்றங்கள் ஏற்கெனவே சாத்திரங்களைக் கொண்டே தீர்ப்பளித்து வந்தன; மறுமணத்தில் பிறந்த மக்களுக்குச் சொத்துரிமை இல்லை என்ற நிலையும் இருந்தது. அப்போதெல்லாம் தலையீடு என்று எவரும் கூக்குரலிடவில்லை. அரசின் கை பெண்ணைக் கட்டிய போது அது முறை. அவிழ்க்க நீண்ட போது அது தலையீடு. சமயம் மாறியோரும் சாதியினின்று நீக்கப்பட்டோரும் தம் சொத்துரிமையை இழக்கமாட்டார் என்று 1850-ம் ஆண்டின் 21-ம் சட்டம் கூறியபோதும் வங்காளத்து வைதிகர் இவ்வாறே முறையிட்டனர். அச்சட்டத்தின் பொருளை நம் நேயர்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மசோதாவை எதிர்த்து வந்த விண்ணப்பங்கள் நாற்பதுக்கு மேல். கையொப்பங்கள் ஐம்பதாயிரத்துக்கு மேல். ஆதரித்து வந்த விண்ணப்பங்கள் ஏறக்குறைய இருபத்தைந்து. கையொப்பங்கள் ஐயாயிரத்துக்குச் சற்று மேல். கிராண்டு இவற்றை மறைக்கவில்லை. இச்சட்டம் எவரையும் மறுமணம் செய்துகொள்ளுமாறு வற்புறுத்தவில்லை. விரும்பாதோர் தம் நெறியிலேயே நிற்கலாம். விரும்புவோரைத் தடுக்கும் உரிமை மட்டும் எவருக்கும் இல்லை என்பதே அவர் விடை. 1856-ம் ஆண்டு ஜூலையில், கானிங் பிரபுவின் ஆட்சியில், அவ்வாண்டின் 15-ம் சட்டம் நிறைவேறியது.

இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். அந்த ஐம்பதாயிரம் கையொப்பங்களுள் ஒரு கைம்பெண்ணின் கையொப்பமேனும் இருந்திருக்குமா? எவரது வாழ்வைப் பற்றிய வழக்கோ, அவரை எவரும் கேட்கவில்லை. எண்ணிக்கையால் நீதியை அளப்போர், எண்ணப்படாதவர் யாவர் என்பதை முதலில் பார்த்தல் வேண்டும்.

முதல் திருமணம்

சட்டம் நிறைவேறியதோடு தம் கடமை முடிந்தது என்று வித்தியாசாகரர் அமரவில்லை. 1856-ம் ஆண்டு டிசம்பர் 7-ம் நாள், கல்கத்தாவில் சுகியா தெருவில், அவருடைய நண்பர் இராஜகிருஷ்ண வந்தியோபாத்தியாயரின் இல்லத்தில் முதல் திருமணம் நடந்தது. மணமகன் சமஸ்கிருதக் கல்லூரியில் பயின்ற ஸ்ரீசந்திர வித்தியாரத்தினர்; மணமகள் காளிமதி தேவி, இளமையிலேயே கைம்மையுற்ற சிறுமி. தெருவெங்கும் மக்கள் திரண்டனர். கலகம் நேராதபடி காவலர் நிறுத்தப்பட்டனர். வித்தியாசாகரர் முன்னின்று எல்லாம் நடத்தினார்.

நகரமெங்கும் இதுவே பேச்சாயிற்று. புலவர் சிலர் எள்ளிப் பாடினர். சாந்திபுரத்து நெசவாளர்களோ அவர் நீடு வாழ்க என்னும் பொருள்படும் பாட்டைச் சேலைக் கரையில் நெய்து விற்றனர். பெரிய மனிதர் மாளிகைகளில் வசை. உழைக்கும் மக்களின் தறியில் வாழ்த்து. அவர் உயிருக்கே ஆபத்து என்ற அச்சத்தால், தந்தையார் ஊரிலிருந்து ஒரு காவலாளை அனுப்பி, மகன் செல்லுமிடமெல்லாம் உடன் செல்லச் செய்தார் என்பர்.

அதன் பின்னரே உண்மையான சோதனை தொடங்கியது. சட்டம் திருமணத்தைச் செல்லுபடி ஆக்கிற்று. ஊராரை உண்ண வரச் செய்ய அதனால் இயலவில்லை. மறுமணம் செய்தோரைச் சாதி விலக்கினர், வேலை போயிற்று, உறவினர் கதவடைத்தனர். அவர்களுடைய திருமணச் செலவும் பின்னர் வாழ்க்கைச் செலவும் வித்தியாசாகரர் தலைமேல் விழுந்தன. 1867 வரையில் அவர் நடத்திய திருமணங்கள் 60 என்றும், அவற்றுக்கு அவர் செலவிட்டது 82,000 ரூபாய் என்றும் கணக்குக் கூறுவர். உதவுவதாகக் கையெழுத்திட்ட செல்வர் பலர் ஒதுங்கிக் கொண்டனர். அவர் கடனாளி ஆனார். பொருளாசையால் மணந்து, மணந்த பெண்ணைக் கைவிட்டுச் சென்ற ஆடவரும் இருந்தனர். எதிரிகளின் வசையைத் தாங்கிய அவர் நெஞ்சு, நண்பர்களின் பொய்ம்மையைத் தாங்க மாட்டாது துன்புற்றது.

ஆயினும் பின்வாங்கவில்லை. 1870-ம் ஆண்டில் அவருடைய ஒரே மகன் நாராயண சந்திரர் ஒரு கைம்பெண்ணை மணந்தார். உறவினர் தடுத்தும் தந்தை அதற்குத் துணை நின்றார். ஊரார் பிள்ளைகளுக்கு உபதேசித்து, தம் பிள்ளைக்கு வேறு வழி தேடும் சீர்திருத்தக்காரர்களை நாம் நிறையக் கண்டிருக்கின்றோம். அவர் அவ்வகையைச் சேர்ந்தவர் அல்லர். பிற்காலத்தில் மகனின் நடத்தை பிடிக்காதபோது, அம்மகனையே தம் சொத்தினின்று விலக்கினார் என்பதும் அவர் இயல்புக்குச் சான்று.

நிறைவேறாத சட்டம்

வங்காளத்துக் குலீனப் பிராமணர் பல பெண்களை மணந்து, ஒருவரையும் காவாது, மாமனார் வீடுகளில் கையூட்டுப் பெற்றுத் திரிவதைத் தொழிலாகவே கொண்டிருந்தனர். கைம்பெண்கள் பெருகியதற்கு அதுவும் காரணம்; ஒருவன் இறந்தால் ஐம்பது பெண்கள் ஒரே நாளில் கைம்மை எய்துவர். இதனைத் தடை செய்யுமாறு 1855-ம் ஆண்டு இறுதியிலேயே விண்ணப்பங்கள் சென்றன. ஆயின் 1857-ல் சிப்பாய்களின் பெருங் கலகம் எழுந்தது. கைம்பெண் மறுமணச் சட்டமும் கலகத்துக்குக் காரணங்களுள் ஒன்று என்று பேசப்பட்டது. 1858-ல் அரசியின் பிரகடனம் சமயத்தில் தலையிடுவதில்லை என உறுதி கூறியது. அஞ்சிய அரசு, வைதிகரின் மனம் நோகாதிருத்தலையே தன் நலமாகக் கொண்டது. 1866-ல் மீண்டும் விண்ணப்பம் சென்றபோது ஒரு குழுவை அமைத்து, சட்டம் வேண்டா என்ற முடிவைப் பெற்றுக்கொண்டது. அக்குழுவில் இருந்த வித்தியாசாகரர் அம்முடிவுக்கு இணங்கவில்லை.

1871-லும் 1873-லும் அவர் இதனைப் பற்றி இரு நூல்கள் எழுதினார். சாத்திரத்தோடு கணக்கையும் சேர்த்தார். ஹூக்ளி மாவட்டத்தில் இன்ன ஊரில் இன்னாருக்கு இத்தனை வயது, இத்தனை மனைவியர் என்று பட்டியலிட்டார். அதில் ஒருவருக்கு மனைவியர் எண்பதின்மர். மறுமண வழக்கில் துணை நின்ற தாராநாத தர்க்கவாசஸ்பதி போன்ற பண்டிதரே இப்போது எதிர்த்து எழுதினார். அவர் வாழ்நாளில் அச்சட்டம் வரவில்லை. இந்துக்களுக்கு ஒருதார மணத்தை நாடு முழுவதும் கட்டாயமாக்கிய சட்டம் 1955-ல்தான் வந்தது.

அந்நிய அரசின் உறுதி எத்தகையது என்பதை அவர் தம் பதவியிலும் கண்டார். 1857 நவம்பர் முதல் 1858 மே வரை, நான்கு மாவட்டங்களில் 35 பெண் பள்ளிகளைத் திறந்தார். ஏறக்குறைய 1,300 சிறுமியர் படித்தனர். அரசு செலவை ஏற்க மறுத்தது. அவ்வாண்டிலேயே, மாதம் 500 ரூபாய்ப் பதவியைத் துறந்து வெளியேறினார். நூல் எழுதியும் அச்சகம் நடத்தியும் வாழ்ந்தார். பிற்காலத்தில் சந்தால் மக்கள் வாழும் கர்மாடாரில் இல்லம் அமைத்து, அவர்களுக்கு ஓமியோபதி மருந்து கொடுத்தும் அவர்கள் விளைத்த சோளத்தை வாங்கியும் அவர்களோடு பழகினார். நகரத்துப் பெரியோரிடம் காணாத வாய்மையை அம்மக்களிடம் கண்டார். 1891-ம் ஆண்டு ஜூலை 29-ம் நாள் கல்கத்தாவில் மறைந்தார்.

அவருடைய எல்லைகள்

பெரியோரைப் போற்றுவதென்பது அவர்தம் குறைகளை மூடுவதன்று. உண்மையை உள்ளவாறு காண்பதே நம் நெறி.

சமஸ்கிருதக் கல்லூரியின் கதவைக் காயஸ்தருக்குத் திறந்த அவரே, 1855-ல் சுவர்ணவணிகர் வகுப்பைச் சார்ந்த மாணவனைச் சேர்க்கும் வினா எழுந்தபோது, வைதிகப் பண்டிதர்கள் மனம் வெறுப்பர் என்ற காரணத்தால் உடன்படவில்லை. பொன் வாணிகரின் மகனுக்கே திறவாத கதவு, தீண்டாதார் என ஒதுக்கப்பட்டோரின் மக்களுக்குத் திறக்குமென எவ்வாறு எதிர்பார்த்தல் இயலும்? 1859-ல் அரசு கருத்துக் கேட்டபோதும், உயர் வகுப்பினருக்கு முதலில் முழுக் கல்வி அளித்தலே தக்கது என எழுதினார்.

1891-ல், சிறுமியரோடு உடலுறவு கொள்வதற்குரிய வயதெல்லையைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தும் மசோதா வந்தது. புனாவில் திலகர் அதனைக் கடுமையாக எதிர்த்தார். வித்தியாசாகரரோ, பூப்பெய்தும் முன்னர்க் கூடுதலையே குற்றமாக்க வேண்டும் என மாற்று வழி கூறினார். மசோதாவை உள்ளவாறு ஆதரிக்கவில்லை. அம்மாற்று வழி பல சிறுமியருக்கு மிகுந்த பாதுகாப்புத் தரக்கூடியதே. எனினும், சாத்திரம் கூறும் சடங்கு கெடலாகாது என்ற கவலையும் அதில் கலந்திருந்தது. சாத்திரத்தைக் கருவியாகக் கொண்டவர், சாத்திரம் நின்ற இடத்தில் தாமும் நிற்க நேர்ந்தது. பராசரத்தில் அந்தச் சுலோகம் இல்லாதிருப்பின் அக்கைம்பெண்களின் கதி யாது என்று கேட்கத் தோன்றுகின்றது. மனிதரின் துன்பத்துக்கு மருந்து, ஏட்டில் இருந்தால்தான் கொடுக்கப்படும் என்பது என்ன முறை?

1856-ம் ஆண்டுச் சட்டத்திலும் ஒரு முள் இருந்தது. அதன் இரண்டாம் பிரிவு, மறுமணம் செய்யும் கைம்பெண், இறந்த கணவன் வழியாகத் தனக்குக் கிடைத்த சொத்துரிமையை இழப்பாள் என்றது. மறுமணம் வழக்கில் இல்லாத உயர்குலப் பெண்ணுக்கு இது புது உரிமையோடு வந்த ஒரு தண்டனை. ஆயின் உழைக்கும் மக்கள் பலரிடையே, நம் தமிழ்நாட்டில் அறுத்துக் கட்டுதல் என வழங்கும் மறுமணம், எந்தச் சட்டத்தையும் கேளாமல் தொன்றுதொட்டு இருந்து வந்தது. அவர்களுக்கு இச்சட்டம் எதனைக் கொடுத்தது? கல்கத்தா, பம்பாய், சென்னை உயர்நீதிமன்றங்கள், வழக்கப்படி மறுமணம் செய்துகொண்ட பெண்ணும் முதற் கணவன் சொத்தை இழப்பாள் எனத் தீர்ப்பளித்தன. அலகாபாத் உயர்நீதிமன்றம் மட்டும், முன்னரே மறுமண வழக்கமுள்ள வகுப்பினரை இப்பிரிவு பற்றாது என்றது. மேல் வகுப்புப் பெண்ணின் கட்டை அவிழ்க்க வந்த சட்டம், கீழ் வகுப்பு எனப்பட்ட பெண்ணின் கையிலிருந்த நிலத்தைப் பறிக்கவும் பயன்பட்டது. சட்டம் எழுதிய இடத்தில் அப்பெண்ணும் இல்லை. அவள் வகுப்பினரும் இல்லை.

நாம் கொள்ள வேண்டியது

இக்குறைகளால் வித்தியாசாகரரின் பெருமை குன்றுமா? குன்றாது என்பதே நம் கருத்து. தம் குலத்தின் ஆயிரமாண்டு வழக்கத்தை எதிர்த்துத் தனித்து நின்றார். பதவி, பொருள், உறவு, நிம்மதி ஆகிய நான்கையும் அதற்கு விலையாகக் கொடுத்தார். அழுத கண்ணோடு நில்லாமல், அழுகைக்குக் காரணமானதை மாற்ற எழுந்தார். கருணை என்பது இரங்குதல் மட்டும் அன்று, செய்தலும் ஆகும் என்பதை அறிந்த நமக்கு அவர் அயலார் அல்லர்.

ஆயினும் அவர் வாழ்வு நமக்கு வேறொன்றையும் உணர்த்துகின்றது. மேலிருந்து இறங்கி வரும் சீர்திருத்தம், இறங்கிய அளவே பயன் தரும். அடியில் நிற்போர் தாமே சட்டம் எழுதும் இடத்தை அடைந்தால் அன்றி, அவர்களுடைய துன்பம் சட்டத்தின் கண்ணில் முழுதும் படாது. கைம்பெண்ணுக்கும் மகளுக்கும் சொத்தில் பங்கு, மணவிலக்கு உரிமை, ஒருதார மணம் ஆகியவற்றை ஒருங்கே அடக்கிய இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவைச் சுதந்திர இந்தியாவின் முதல் சட்ட அமைச்சராகிய பாபாசாகேப் அம்பேத்கர் நாடாளுமன்றத்தில் கொணர்ந்து நின்றார். நூறு ஆண்டுகளுக்கு முன் இராதாகாந்த தேவர் கூறிய காரணங்களையே அவையிலும் வெளியிலும் மீண்டும் கூறினர். மசோதா தேங்கியது, 1951-ல் அவர் பதவி துறந்தார். அதன் பகுதிகள் 1955, 1956-ம் ஆண்டுகளில் தனித்தனிச் சட்டங்களாயின. கைம்பெண் கணவன் சொத்தில் முழு உரிமை பெற்றாள். வித்தியாசாகரரின் 1856-ம் ஆண்டுச் சட்டம் தேவையற்றதாகி, 1983-ல் நீக்கப்பட்டது. ஒரு சட்டத்துக்கு இதனினும் நல்ல முடிவு வேறில்லை.

ஆயின் சட்டம் நீங்கினாலும் வழக்கம் நீங்கிற்றா? மங்கல நாளில் கைம்பெண்ணை ஒதுக்கும் இல்லம் இன்றும் இல்லையா? புதுநெறி ஏற்ற நம் இல்லங்களிலும், பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்த அம்மூட்டை ஏதேனும் ஒரு மூலையில் அவிழ்க்கப்படாமல் கிடக்கின்றதா? திருமண வீட்டில் கணவனை இழந்த நம் தாயை, அக்காளை, முன்வரிசையில் அமர்த்தி, அவர் கையால் மலர் வாங்கும் நாளே வித்தியாசாகரர் விரும்பிய நாள். அதற்கு எந்தச் சட்டசபைக்கும் விண்ணப்பம் அனுப்ப வேண்டுவதில்லை. ஒரு கையொப்பமும் தேவையில்லை. அடுத்த மங்கல நிகழ்ச்சியிலேயே நாம் அதனைத் தொடங்கலாம்.